வெறும் ரிப்பர் வரும் ஒழுங்கை

நாரந்தனையைத் தாண்டிக் கடற்கரைப் பக்கமாகப் போகும் ஒழுங்கையின் முடிவில் வீதிக்குப் போடும் கிரவல் மண்ணைத் தோண்டி எடுக்கும் அந்தக் கிடங்கு இருக்கிறது. இப்போது பெரியது. நான் முதன்முதல் பார்த்தபோது அது ஒரு சின்னப் பள்ளம்தான். மண் தோண்டும் பெக்கோ ஒன்று, மண் ஏற்றிப் போகும் ரிப்பர் லொறி மூன்று, பனங்குற்றிகளின்மேல் தகரம் போட்ட ஒரு கொட்டில். தீவின் வீதிகளைத் திருத்தக் கிரவல் போதாமல் கிடங்கை அகலிக்க அனுமதி கேட்டிருந்தார்கள். எப்படி அகலிப்பது, எப்படி வேலை நடத்துவது, அதனால் அக்கம்பக்கத்துக்கு என்ன வரும் என்று எழுதிக் கொடுக்க யாழ்ப்பாணத்திலிருந்த எங்கள் சிறிய அலுவலகம் என்னை அனுப்பியது. அது ஆவணி மாதம்.

அலுவலகத்தில் மற்றவர்களுக்குப் பிள்ளைகளின் ரியூசன் இருந்தது, மாமியாரின் கிளினிக் இருந்தது. எனக்கு அப்படி ஒன்றும் இருக்கவில்லை. அம்மாவும் அப்பாவும் கனடாவில் தம்பியைப் பார்த்து வரப் போனவர்கள், விசாவை நீட்டி நீட்டி அங்கேயே தங்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்து வீட்டின் அறைகளில் ஒன்றை மட்டும் நான் திறந்து வைத்திருந்தேன். தீவில் தங்கி வேலை செய்ய ஏலுமா என்று கேட்டபோது யோசிக்க எதுவும் இருக்கவில்லை.

தங்க இடம் கிடங்குக் கிளார்க் பார்த்துத் தந்தார். ஒழுங்கையில் திறந்திருந்த ஒரே வீடு அதுதான். பாதிப்பை மதிப்பிட வந்தவள் பாதிக்கப்படப் போகிற வீட்டிலேயே தங்குவது எங்கள் தொழிலுக்கு அழகில்லை. ஆனால் மற்ற வீடுகளின் வாசல் படலைகள் சங்கிலியால் கட்டப்பட்டு, சங்கிலியும் துருப்பிடித்து, சிலவற்றுக்குள் ஈச்சம்பற்றை யன்னல் உயரத்துக்கு வளர்ந்திருந்தது.

வீட்டுக்கார அக்காவை முதலில் நான் "அம்மா" என்றுதான் கூப்பிட்டேன்.

"அக்கா எண்டு சொல்லும். அம்மா எண்டு கூப்பிட்டா வாடகை கூட."

ஐம்பதை எட்டாதவர். கணவர் கடற்றொழிலாளி, நெஞ்சு நோவில் இறந்துபோனவர். ஒரே மகள் திருமணமாகி பிரான்சில். அக்காவின் தங்கச்சி குருநகரில். வீட்டுக்குள் ஒரு அலுமாரி, இரண்டு கதிரை, வலைகள் சுருட்டி வைத்த ஓர் அறை. வலை அறையைத் துப்புரவாக்கித்தான் எனக்குத் தந்தார். முதல் இரவுகளில் உப்பும் நைலோனும் கலந்த அந்த மணத்தோடு படுத்தேன்.

வேலியின் மூலையில், ஒழுங்கை கிடங்குப் பக்கம் வளையும் இடத்தில், அந்தோனியாரின் சுரூபம் ஒன்று கண்ணாடிக் கூட்டுக்குள் நின்றது. நான் வந்த அன்று பின்னேரம் குசினி வாசலில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். ரிப்பர் ஒன்று வந்தது. வளைவில் வேகம் குறைத்து ஹோர்னை ஒருமுறை கட்டையாக, சின்னதாகத் தட்டியது.

"ஓம் ஓம்," என்று அக்கா உள்ளிருந்தே சத்தமாகச் சொல்லிவிட்டு எழும்பிப் படலைக்குப் போனார். சாரதி கையைத் தூக்கினார். அக்காவும் தூக்கினார். ரிப்பர் போய்விட்டது. அவர் திரும்பி வந்து தேத்தண்ணியை எடுத்தார்.

"உங்களைக் கூப்பிட்டதோ?" என்று கேட்டேன்.

"சீச்சீ. அது அந்தோனியாருக்கு. இதாலை போற எல்லாரும் அடிப்பினம். சைவக்காரரும் அடிப்பினம். அந்தோனியார் எழும்பிப் போய்ப் படலையிலை நிக்கமாட்டார்தானே. அதுதான் நான் போறன்."

அதற்குப் பிறகு நாள் முழுக்க அது நடப்பதைக் கவனித்தேன். மூன்று சாரதிகள். ஒருவர் தொட்டும் தொடாமலும் அடிப்பார். ஒருவர் இரண்டாகப் பிரித்து அடிப்பார். மூன்றாமவருடைய ஹோர்ன் பழுது. ஆடு செருமுவது போலக் கேட்கும். அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தாலும், கிணற்றடியில் நின்றாலும் பதில் சொல்லுவார். சில நாள் ரிப்பரில் பாண் வரும், சில நாள் ஊர்காவற்றுறைப் பார்மசியிலிருந்து குளிசை வரும். காலையில் படலையில் நின்று என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். பஸ் நிற்கும் பிரதான வீதி தூரம். வெயிலில் நடந்து போய் வருவதென்றால் அரை நாள் போய்விடும்.

கிடங்கை அகலிப்பதென்றால் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. எந்தப் பக்கம் அகலிப்பது? எவ்வளவு ஆழம்? சுவரை எந்தச் சரிவில் விடுவது? எடுத்த மேல்மண்ணை எங்கே குவித்து வைப்பது, பிறகு எப்படித் திருப்பிப் போடுவது? தூசுக்கு எங்கிருந்து தண்ணீர்? ரிப்பர் எந்த வழியால் போகும், எந்த நேரத்தில்? இவற்றுக்குப் பின்னால்தான் மனிதர்: யார் எவ்வளவு கிட்ட இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன கேட்கும், என்ன படியும், கிணற்றுக்கு என்ன ஆகும். நான் அந்த ஒழுங்கில்தான் போனேன். ஒழுங்கு இருந்தால் தனியாக இருப்பது வேலை போலத் தெரியும்.

ஆழத்தில்தான் முதல் இழுபறி. தீவுகளில் நல்ல தண்ணீர் என்பது மழை விட்டுப்போன மெல்லிய படை. கீழே கடல்தண்ணீர், அதன்மேல் இது மிதக்கிறது. கிடங்கின் தரையை அந்தப் படைக்குள் இறக்கினால் சுற்றியுள்ள கிணறுகள் உவராகிவிடும். மாரியில் நீர்மட்டம் ஏறும் உயரத்தைக் கிணறுகளில் பார்த்து, அதற்கும் மேலேயே தரையை நிறுத்தவேண்டும் என்று சொன்னேன். ஒப்பந்தக்காரருக்கு அது பிடிக்கவில்லை. கெட்ட மனிதர் அல்ல. வெயிலில் நின்று கதைக்கும்போது தன் குடையை எனக்குத் தருவார்.

"இன்னும் கொஞ்சம் கீழை போனா, இவ்வளவு அகலத்துக்குப் பனை தறிக்கத் தேவையில்லை, மிஸ்."

"கீழை போனா உப்பு மேலை வரும்."

"வந்தா? இஞ்சை ஆர் இருக்கினம் குடிக்கிறதுக்கு?"

"அந்த அக்கா இருக்கிறா."

"ஒராள்."

"ஓம். ஒராள்."

அவர் பள்ளத்தின் விளிம்புவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு சரி என்றார். பள்ளத்தில் தேங்கும் மழைத்தண்ணியையே தூசுக்குத் தெளிக்கலாம், தண்ணீர்ப் பவுசருக்குச் செலவழிக்கத் தேவையில்லை என்று நான் சொன்னதும் முகம் இன்னும் தெளிந்தது.

வெளிநாடுகளில் இருக்கும் பூட்டிய வீட்டுக்காரர்களுக்கும் அறிவிக்கவேண்டும். அக்காவிடம் எல்லாருடைய போன் இலக்கங்களும் இருந்தன. ஒவ்வொருவராக அழைத்தேன். எடுத்தவர்கள் மரியாதையாகப் பேசினார்கள். ஒருவர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார்: "மதில் விழுமோ?" விழாது என்றேன். "அப்ப பிரச்சினை இல்லை, பிள்ளை," என்றார். பின்னணியில் ஒரு ரயில் போகும் சத்தம் கேட்டது. அவர் வேலைக்குப் போகிற நேரமாக இருக்கவேண்டும். அத்தனை அழைப்புகளும் முடிந்தபின் என் வரைபடத்தில் ஒழுங்கை நெடுக வீடுகள் இருந்தன. மனிதர் என்று குறிக்க ஒரே ஒரு புள்ளி.

சத்தம் அளக்கும் கருவியை அக்காவின் வேலியடியில் முக்காலியில் பூட்டினேன்.

"உதென்ன, மூண்டு காலிலை நிக்கிற கொக்கு?"

"சத்தம் அளக்கிறது, அக்கா. கொஞ்ச நேரம் கதைக்காமல் இருந்தா நல்லம்."

"நல்ல வேலை. கதைக்க ஆளில்லாமல் எவ்வளவு காலம் இருந்தனான். ஆள் வந்திட்டுது எண்டு பாத்தா, கதைக்காதை எண்டு சொல்லுது." குசினிக்குள் போனவர் திரும்பி எட்டிப் பார்த்தார். "சட்டி கழுவலாமோ? அதுவும் உதுக்குள்ளை விழுமோ?"

"விழும்."

"அப்ப நீரே வந்து பிறகு கழுவும்."

கழுவினேன்.

அளவுகள் நான் எதிர்பார்த்தபடிதான் வந்தன. மூன்று ரிப்பருக்கே அந்த ஒழுங்கை ஒடுக்கம். அகலித்தபின் இதைப்போலப் பல மடங்கு ஓடும். வளைவில் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னுக்குப் போகவேண்டும். தூசு நேரே அக்காவின் குசினிக்குள் வரும். மாற்று வழி ஒன்று இருந்தது. கிடங்கின் பின்பக்கத்தால், மாடுகள் மேயும் தரவையின் ஓரமாக, கடற்கரையோடு போய்ப் பிரதான வீதியில் ஏறும் ஒரு பழைய பாதை. மாரியில் தண்ணீர் நிற்கும். உயர்த்திப் போடவேண்டும், மதகு ஒன்று வேண்டும். ஆனால் அந்த வழியில் ஒரு வீடும் இல்லை. எந்தப் பக்கத்தால் எடைபோட்டாலும் தரவைப் பாதைதான் மேல். நான் அதையே வரைந்தேன். ஒழுங்கைப் பக்க வாசலை முற்றாக மூடி, அந்தப் பக்கம் பனை வடலிகளை நெருக்கமாக நட்டு ஒரு மறைப்பும் போட்டேன். ரிப்பர்கள் ஹோர்ன் அடிக்கக்கூடாது என்றும் எழுதினேன். அந்த வரைபடம் எனக்குப் பிடித்திருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது சொன்னேன். புட்டும் விளைமீன் குழம்பும். நல்ல செய்தி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

"இனி இந்த ஒழுங்கையாலை ரிப்பர் ஒண்டும் வராது, அக்கா. எல்லாம் தரவைப் பக்கத்தாலை போகும்."

அக்கா புட்டைக் குழைத்துக்கொண்டிருந்தார். "ஒண்டுமோ?"

"ஒண்டும் வராது. தூசு இல்லை, சத்தம் இல்லை."

"நல்லது," என்றார். குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளினார். "மீனைப் போடும்."

அதற்கு மேல் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. பேச்சே நிற்காத ஒருவர் பேசாமல் இருந்தால் வீடு எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. என் சொந்த வீட்டில் அது எனக்குப் பழகியிருந்தது. அக்காவின் வீட்டுக்கு அது வந்ததைத்தான் தாங்கமுடியவில்லை.

மறுநாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது அவரே சொன்னார். மகள் நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறாள். சும்மா வரவில்லை. அம்மா தனியே இங்கே இருக்கலாமோ என்று கண்ணால் பார்த்து முடிவெடுக்க வருகிறாள். இருக்கேலாது என்று கண்டால் வீட்டைப் பூட்டிச் சங்கிலி போட்டு, குருநகரில் தங்கச்சி வீட்டு மேல்மாடி அறையில் கொண்டுபோய் விடுவது என்று பேச்சு.

"போன முறை வந்தவள், விறாந்தையிலை இருந்து பாத்திட்டுச் சொன்னாள், ‘அம்மா, விடிஞ்சதிலை இருந்து ஒரு மனிசரும் போகேல்லை’ எண்டு. அப்ப கிடங்கு இல்லை. இந்த முறை வந்து இருக்கட்டும், படலைக்குப் போய்ப் போய் எனக்கு மூச்சு வாங்கிறதைப் பாக்கட்டும் எண்டு நினைச்சிருந்தனான். இன்னும் கன ரிப்பர் வரப்போகுது எண்டு நீர் சொன்ன அண்டைக்கு எனக்கு எவ்வளவு புளுகம், எவ்வளவு சந்தோசம் தெரியுமோ?"

"சத்தம், அக்கா. அதிகாலையிலை இருந்து. தூசு. உங்களுக்கு இருமல் வேறை."

"இருமினா ஆரும் கேக்கவேணும், பிள்ளை."

பிழிந்த சீலையை உதறிக் கொடியில் போட்டார். எங்கள் தொழிலில் சத்தம் கூடினால் பாதிப்பு. குறைந்தால் நன்மை. சத்தம் ஒருவரை ஊரில் இருத்தி வைக்கும் என்று எழுத எங்கும் இடமில்லை.

வேலணைப் பிரதேச செயலகத்தில் கூட்டம் வைத்தார்கள், ஊரவர்களின் கருத்தைக் கேட்பதற்கு. நான் வரைபடத்தைச் சுவரில் ஒட்டினேன். வந்தவர்கள் அதிகம் இல்லை. வீதி எப்போது போடுவீர்கள் என்று கேட்டார்கள். பள்ளத்தில் மாடு விழாமல் வேலி போடுவீர்களா என்று கேட்டார்கள். இரண்டும் நியாயமான கேள்விகள். பின்வரிசையில் அக்கா இருந்தார். நீலச் சேலை, கைப்பை. என்னோடு ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே சீற்றில் இருந்து வந்தவர், கூட்டத்தில் என்னை அறியாதவர் போல இருந்தார்.

எழும்பினார். "எனக்கு ஒரு விஷயம் சொல்லவேணும். ரிப்பர் என்ர படலையடியாலை போகட்டும்."

யாரோ சிரித்தார்கள். கூட்டத்தை நடத்திய அதிகாரி இளையவர், பொறுமையானவர். "அம்மா, நீங்கள் சொல்ல வாறது போகக்கூடாது எண்டுதானே?"

"போகவேணும் எண்டு சொல்லுறன். காது கேக்குதுதானே உங்களுக்கு?"

இப்போது எல்லாரும் சிரித்தார்கள். முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "அக்காவுக்கு ரைவர்மார் எல்லாரும் மருமக்களாம்," என்றார்.

"உம்மை மாதிரி ஒண்டையும் எடுக்கமாட்டன், பயப்பிடாதையும்," என்று அக்கா சொல்லிவிட்டு இருந்தார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். பதில் சொல்லவேண்டியது நான். உண்மையைத்தான் சொல்லமுடியும்: ஒழுங்கை இரண்டு பக்கப் போக்குவரத்தைத் தாங்காது. பாரம் ஏற்றிய ரிப்பர் எதிரே வருவதற்காக அந்த வளைவில் ஒதுங்கினால் பனை வேலியும் சுரூபக் கூடும் போகும். அதைச் சொல்லிக்கொண்டே சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தேன். தரவைப் பாதையும் ஒடுக்கமானது. அதிலும் இரண்டு ரிப்பர் விலகவேண்டுமென்றால் அகலம் போதாது. அதற்காக நான் இரண்டு இடங்களில் பாதையைத் தரவைக்குள் அகலித்திருந்தேன்; மண் போட்டு உயர்த்தவேண்டிய இடங்களும் அவைதான். இரண்டு ஒடுக்கமான வழிகள். ஒன்றால் வந்து மற்றதால் போனால் எங்கும் விலகத் தேவையில்லை.

"ஒருவழிப் பாதையா ஓட்டலாம்," என்றேன். "வெறும் ரிப்பர் ஒழுங்கையாலை வரட்டும். பாரம் ஏத்தினது தரவையாலை போகட்டும்."

ஒப்பந்தக்காரர் நிமிர்ந்தார். தரவையை அகலிக்கும் செலவு இல்லையே என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. அதிகாரி எழுதினார். பிறகு கேட்டார்: "ஹோர்ன் தடை எண்டு போட்டிருக்கிறீங்கள். அது அப்பிடியே இருக்கட்டுமோ?"

பின்வரிசையை நான் பார்க்கவில்லை. "வளைவு மறைவானது," என்றேன். "பாதுகாப்புக்கு அந்த இடத்திலை மட்டும் ஒருமுறை அடிக்கவேணும். பலகை வைக்கலாம்."

அது பொய்யில்லை. வளைவு மறைவானதுதான்.

திரும்பும்போது பஸ்ஸில் அக்கா யன்னல் பக்கம் இருந்தார். "நீர் கெட்டிக்காரி," என்றார். "வெறும் ரிப்பர்தான் கூடச் சத்தம் போடும், பெட்டி கடகட எண்டு. தெரியுமோ?"

"தெரியும்."

"அதுதான் சொன்னனான், கெட்டிக்காரி எண்டு."

புரட்டாதி முடியும்போது என் வேலை முடிந்தது. அறிக்கையைக் கொடுத்தேன். அறையைக் காலிசெய்தேன். வலைகளை நாங்கள் இருவருமாகத் திரும்ப உள்ளே சுருட்டி வைத்தோம்.

அதன்பிறகு நடந்தது யாருடைய பிழையும் இல்லை. பழைய கிடங்கின் அனுமதி அந்த மாதத்தோடு முடிந்தது. புதிய அனுமதி வரும்வரை ஒரு கூடை மண்ணும் எடுக்கக்கூடாது. அது முறை, நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். பெக்கோவை ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று ரிப்பரும் வேறு வேலைக்குக் கிளிநொச்சிப் பக்கம் போய்விட்டன. கோப்பு ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு நகர்ந்துகொண்டிருந்தது. மாரி தொடங்கியது.

நான் யாழ்ப்பாணத்தில் இருந்தேன். வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்த தேத்தண்ணிக் கோப்பை வைத்த இடத்திலேயே இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா கனடாவிலிருந்து போன் எடுப்பார். அங்கே பனி, இங்கே மழை என்று பேசுவோம். அக்காவுக்கு நானே எடுப்பேன். முதலில் வழக்கம்போலப் பகிடி விட்டார்.

"அந்தோனியார் கேக்கிறார், உம்மட பலகை எங்கை எண்டு."

"அனுமதி வந்தாத்தான் பலகை, அக்கா."

"அவருக்கு அவசரமில்லை. எனக்குத்தான்."

கார்த்திகையில் ஒழுங்கையில் தண்ணீர் நின்றது. பாண் வாங்க பிரதான வீதிக்கு நடந்து போனபோது வழுக்கி விழுந்து கைமணிக்கட்டு வீங்கியது. விழுந்த இடத்தில் எவ்வளவு நேரம் இருந்தார் என்று சொல்லவில்லை. யாரும் வரவில்லை என்று மட்டும் சொன்னார். நான் அனுமதி வழங்கும் இடத்துக்குப் போய்க் கேட்டேன். கோப்பு நல்லபடி போகிறது, ஆட்சேபனை எதுவும் இல்லை, தையில் கிடைக்கும் என்றார்கள். தை என்றால் நத்தாருக்குப் பிறகு.

மகள் வந்தார். கையில் கட்டோடு நின்ற தாயைப் பார்த்தார். விறாந்தையில் இருந்து ஒழுங்கையைப் பார்த்தார். நான் நத்தாருக்கு அடுத்த நாள் கேக் கொண்டுபோனேன். மகள் என்னை உள்ளே கூப்பிட்டு இருக்கச் சொன்னார். என்னைவிடச் சில வயது மூத்தவர். நல்ல மனிசி, களைத்துப் போயிருந்தார்.

"அம்மா சொல்லுறா, கொஞ்ச நாளிலை இஞ்சை வாகனம் கன ஓடும் எண்டு. உண்மையோ?"

"உண்மை," என்றேன். "தையிலை அனுமதி வரும். வழி, நேரம் எல்லாம் எழுதியாச்சு."

"நீங்கள் எழுதினதெண்டும் சொன்னவா." அவர் வெளியே பார்த்தார். மழை விட்டிருந்தது. ஒழுங்கைத் தண்ணீரில் ஒரு நாரை நின்றது. "ஆனா நான் தை முதல் கிழமை திரும்பிப் போகவேணும். கண்ணாலை பாத்ததை வைச்சுத்தானே நான் முடிவெடுக்கலாம்?"

அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். குசினிக்குள் அக்கா ஒரு கையால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும்.

மாசி தொடக்கத்தில் கிடங்கு திறந்தது. வேலை தொடங்கி முதற்காலத்தில் சத்தம், தூசு, கிணற்று நீர் எல்லாம் திட்டத்தின்படி இருக்கின்றனவா என்று பார்க்க மறுபடி என்னையே அனுப்பினார்கள். சாவி என்னிடம் இருந்தது. குருநகரில் தங்கச்சி வீட்டு வாசலில் வைத்து அக்கா தந்தார். "வாடகை வேண்டாம். யன்னலை மட்டும் திறந்து விடும்," என்றார்.

சங்கிலி புதியது, இன்னும் துருப்பிடிக்கவில்லை. வீட்டைத் திறந்தேன். அலுமாரி இல்லை. கதிரை இரண்டும் இருந்தன. கிணற்றில் வாளி விட்டு நீர்மட்டம் பார்த்தேன், உவர் பார்த்தேன்: நல்ல தண்ணீர், மாற்றம் இல்லை. குடிக்க நான் மட்டும். வேலியடியில் முக்காலியைப் பூட்டினேன். வளைவில் மஞ்சள் பலகை நின்றது: ஒருமுறை ஹோர்ன் அடிக்கவும். சுரூபக் கூட்டுக் கண்ணாடியில் தூசு படிந்திருந்தது. துடைத்தேன்.

ரிப்பர்கள் வந்தன. வெறும் பெட்டிகள் கடகடவென்று, ஒன்றன்பின் ஒன்றாக, அக்கா நினைத்திருந்ததைவிட அதிகம். பழைய மூவரில் ஒருவரைத்தான் கண்டேன். மற்றவர்கள் புதியவர்கள், எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். அவர்கள் பலகையைப் பார்த்து ஹோர்ன் அடித்தார்கள்.

குசினி வாசலில் இருந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். பின்னால் ரீவிச் சத்தமும் பிள்ளைகளின் சத்தமும் கேட்டன.

"ஓடுதோ?"

"ஓடுது, அக்கா."

"அடிக்கிறாங்களோ?"

"அடிக்கிறாங்கள்."

"போனைப் படலைப் பக்கம் பிடியும்."

நடந்து போய்ப் பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் ஒன்று வந்தது. வளைவில் நீளமாக, கையை எடுக்காமல் அடித்தது. சாரதி என்னைப் பார்க்காமலே போனார்.

"இது ஆர்?"

"புது ஆள்."

"உப்பிடி நீளமா அடிக்கிறதே? அந்தோனியார் என்ன செவிடோ? கட்டையா ஒருக்காத் தட்டினாக் காணும் எண்டு சொல்லும்."

"சொல்லுறன்."

ரீவிச் சத்தம் கேட்டது. யாரோ "பெரியம்மா" என்று கூப்பிட்டார்கள். "வாறன்," என்றார் அவர்களுக்கு. எனக்கு, "சரி பிள்ளை, வையும்," என்றார்.

மத்தியானம் கிடங்குக் கொட்டிலுக்குப் போய் அந்தச் சாரதியைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். வவுனியாக்காரர். பலகையில் அப்படித்தானே போட்டிருக்கிறது, மிஸ், என்றார். ஓம், ஒருமுறைதான் போட்டிருக்கிறது, ஆனால் கட்டையாக, என்றேன். ஏன் என்று கேட்டார். அங்கே ஒரு சுரூபம் இருக்கிறது என்றேன். அவர் தலையாட்டினார்.

பின்னேரம் கருவியைக் கழற்றுமுன் கடைசி அளவை எடுத்துக்கொண்டிருந்தேன். அளக்கும்போது கதைக்கக்கூடாது. கதைக்க ஆளும் இல்லை. அவருடைய ரிப்பர் வளைவுக்கு வந்து வேகம் குறைந்தது. கட்டையாக ஒருமுறை.

"ஓம் ஓம்," என்று சொல்லிவிட்டுப் படலைக்குப் போனேன்.